ரத்தம் பார்த்த நாடா

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அந்தத் தெருவுக்குக் காது என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். நகரியில் விசைத்தறி ஓடாத நாள் அது ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் கோவர்த்தனன் கொட்டகையில் தறிகள் போடும் சத்தத்தில், பின்பக்கத்து வீட்டு அடுப்பில் வைத்த பாத்திரம்கூட நடுங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி திட்டினால் உதட்டைப் பார்த்துத்தான் என்ன திட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கங்கம்மாளுக்கு அதில் நல்ல பழக்கம்.

அன்று வெயில் ஏறுமுன்னேயே அவள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். நாட்டுக்கோழிக் குழம்புக்கு வேர்க்கடலையும் கசகசாவும் வறுத்து அரைத்தாயிற்று. கேழ்வரகுக் களி வெந்துகொண்டிருந்தது. திருப்பதியிலிருந்து மகள் ஹரிதாவின் ஆட்கள் வருகிறார்கள்.

ஆட்கள் என்றால் வாத்தியார்கள் இல்லை. ஹரிதா படிக்கிற பல்கலைக்கழகத்தில் அவளுக்கு முன்னே இன்ஜினியரிங் படித்துவிட்டுப் போனவர்கள். இப்போது ஆளுக்கொரு கம்பெனியில் வேலை. ஞாயிறு வந்தால் தூங்கி எழுந்து சினிமாவுக்குப் போகாமல், படித்த இடத்துக்கே திரும்பி வந்து, திண்டாடுகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ப்ராஜெக்ட் செய்யும்போது கூடவே நிற்கிறார்கள். "சும்மா எவன்டி சொல்லிக்குடுப்பான்? பின்னால இன்னாமோ கீது" என்று கங்கம்மாளின் புருஷன் நாகபூஷணம் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

கங்கம்மாளுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. பத்தாவது வரை தமிழில் படித்து, பதினொன்று, பன்னிரண்டான இன்டரில் தெலுங்கோடு தட்டுத்தடுமாறி, அங்கே போனால் எல்லாமே இங்கிலீஷ் என்றதும் முதல் வருஷமே கோட்டைவிட்டவள் ஹரிதா. "நான் தறிக்குத் தார் சுத்தவே போறேம்மா" என்று வந்து படுத்துக்கொண்டவளை எழுப்பி உட்கார வைத்தது ரோஹிணி என்கிற பெண்தான். வரதய்யபாளையத்து விவசாயி வீட்டுப் பெண். கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. "தமிழ்ல கேளு, தெலுங்குல கேளு, தப்பாக் கேளு, கேக்காம மட்டும் உக்காராத" என்பாளாம். அந்த ஹரிதா இப்போது கடைசி வருஷம். பெண்ணை இந்தத் தெருவிலிருந்து வெளியே தள்ளிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் கங்கம்மாளின் வேண்டுதல். அதற்காக எத்தனை கோழி வேண்டுமானாலும் அறுப்பாள்.

களி கிண்டும் துடுப்பின் பிடி நீலமாக இருந்தது. அந்த வீட்டில் எது உடைந்து ஒட்டியது என்று கண்டுபிடிக்கச் சிரமமே வேண்டாம். ஒட்டியதெல்லாம் நீலம். வாசல் கதவுக்கு அடித்த பெயின்டில் மிச்சமிருந்ததை நாகபூஷணம் தூக்கிப்போட மனமில்லாமல், கட்டில் கால், முறத்து விளிம்பு, தண்ணீர் ட்ரம் என்று எதை ஒட்டினாலும் மேலே பூசிவிடுவான். டப்பா தீர்ந்தால் அதே நீலத்தை மறுபடி வாங்குவான். "ஈரம் ஏறாதுடி, ஒட்டுனதும் தெரியாது" என்பான். கோவர்த்தனன் கொட்டகைக்கு அவன்தான் மேஸ்திரி. தறி மக்கர் செய்தால் சரிசெய்கிறவன். உடைந்ததைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு தீபாவளிக்குக் கங்கம்மாளின் முன்பல்லை உடைத்தானே, அதை மட்டும்தான் ஒட்டவுமில்லை, நீலம் பூசவுமில்லை.

ரோஹிணி காரிலிருந்து இறங்கும்போதே வியர்த்திருந்தாள். ஓட்டிவந்த அருள்குமார் அவளோடு படித்தவன், நல்ல சாப்பாட்டு ராமன். தெருவில் கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"கொழம்பு வாசன புத்தூர்லயே வந்துட்ச்சிம்மா."

"வாப்பா, வா. களி சூடா கீது. துன்னுட்டு அப்புறம் மத்த பேச்சு."

உட்கார வைத்துப் பரிமாறினாள். வாரக்கடைசிக்கு வீட்டுக்கு வந்திருந்த ஹரிதா தண்ணீர் எடுத்து வைத்தாள். அருள்குமார் உருண்டையை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குகிற அழகைப் பார்க்கக் கங்கம்மாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ரோஹிணி சரியாகச் சாப்பிடவில்லை. பாதியில் கையைக் கழுவிவிட்டுப் பையைத் திறந்தாள்.

"ஹரிதா, நீ குடுத்தத பாத்தேன். அதான் நேர்ல வந்தேன்."

பையிலிருந்து அவள் எடுத்ததைக் கண்டதும் கங்கம்மாளின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

அது ஒரு நாடா. தறிக்காரருக்கு நாடா என்றால் துணிப்பட்டை இல்லை. படகு போலக் குடைந்த முழ நீள மரக்கட்டை, இரண்டு முனையிலும் எஃகுக் கூர். நூல் சுற்றிய தாரை வயிற்றில் வைத்துக்கொண்டு தறியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பறந்துகொண்டே இருக்கும். எப்போதாவது தடம் மாறி வெளியே பறந்தால் எதிரே நிற்கிறவன் தலை தப்பினால் உண்டு. அப்படி ஒரு ஆளை அடித்து ரத்தம் பார்த்த நாடாவை நகரியில் அந்தத் தெருக்காரர்கள் மறுபடி தறியில் போடமாட்டார்கள். சிவப்புத் துணியில் சுற்றி எல்லையம்மன் கோவில் வேப்பமரத்தில் கட்டிவிடுவார்கள். அம்மன் அதைப் பிடித்து வைத்துக்கொள்வாள் என்று நம்பிக்கை. அவிழ்த்தால் அது மறுபடி ரத்தம் கேட்கும், தெருவுக்கே கேடு. மரத்தில் இப்போது காயை விடத் துணி அதிகம்.

"அடிப்பாவி, மரத்துல கைய வெச்சியா?" என்றாள் கங்கம்மாள்.

"நம்ம மாமாவை அடிச்சதும்மா. வேற யாருதும் தொடல. மாமாவ கேட்டுக்கினுதான் அவுத்தேன்."

ஹரிதாவின் ப்ராஜெக்ட் தறியைப் பற்றியது. நாடா தன் பெட்டிக்குள் ஒழுங்காக வந்து சேரவில்லை என்றால் அந்தக் கணமே தறியை நிறுத்திவிடுகிற கருவி. அதற்கு, பறந்த நாடா ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறாள் ரோஹிணி. முதலாளி கோவர்த்தனனைக் கேட்டதற்கு, தேய்ந்ததையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாயிற்று என்று சிரித்தானாம். அதனால் ஹரிதா போன ஞாயிறு தாய்மாமன் சம்பத்தைக் கேட்டாள். "எடுத்துக்கோ தாயி. எனுக்குக் கண்ணத் துன்னுச்சி, உனுக்கு மார்க்காவது போடட்டும்" என்று சொல்லி, அவனே அவளைத் தூக்கிப் பிடித்து அவிழ்க்க வைத்திருக்கிறான்.

புதன்கிழமைதான் அதே கோவர்த்தனன் கொட்டகையில் தறி ஓட்டும் சீனுவின் தாடையில் நாடா அடித்து, பல்லெல்லாம் கொட்டி, அவன் திருப்பதி ஆஸ்பத்திரியில் வாய்க்குக் கம்பி கட்டிப் படுத்திருக்கிறான். இது வெளியே தெரிந்தால்?

"இது முழுக் கட்ட இல்லம்மா" என்றாள் ரோஹிணி. "நீள வாக்குல பொளந்திருக்குது. யாரோ பசை போட்டு ஒட்டி, உள்ள தகரம் வெச்சு ஆணி அடிச்சிருக்காங்க. தெரியாம இருக்க மேல வார்னிஷ். இத ஓட்டுனா பறக்காம இன்னா பண்ணும்? சம்பத் அண்ணன் மேல தப்பே இல்ல. இங்க சொரண்டிப் பாத்தேன், வார்னிஷுக்கு அடியில பாருங்க."

கங்கம்மாள் பார்த்தாள். நீலம்.

ரோஹிணியும் தலையைத் தூக்கி வாசல் கதவைப் பார்த்தாள். பிறகு கட்டில் காலை. ஹரிதா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அருள்குமார் மட்டும் ஒன்றும் தெரியாமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சம்பத்தின் கண் போய் மூன்று வருஷம். சம்பத் குடித்துவிட்டுத் தறிக்குள் குனிந்தான் என்று தெருவே சொன்னது. முதலில் சொன்னவன் நாகபூஷணம். கூட இருந்த மேஸ்திரி சொன்னால் யார் மறுப்பார்கள்? சம்பத்தின் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிப்பட்டில் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவேயில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்த தம்பியைப் பார்த்து, "குடிச்சிக் குடிச்சி கண்ண வுட்டியேடா நாயே" என்று கங்கம்மாளே தலையில் அடித்திருக்கிறாள். "நான் குடிக்கலக்கா" என்று அவன் சொன்னது ஒரே தரம்தான். அதன்பிறகு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. இப்போது நூல் மூட்டை வண்டி தள்ளுகிறான். நிஜமாகவே குடிக்கிறான்.

அவளுக்குள் நெருப்பு மூண்டது. ஆனாலும் கை வேறு வேலை செய்தது. நாடாவைப் பிடுங்கி அரிசி ட்ரம்முக்குள் ஆழப் புதைத்தாள். புருஷன் பெயர் கெட்டால் பெண்ணின் பெயரும் கெடும் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது.

"எங்க வூட்டு விசயம்மா. இத்தோட வுட்டுடு. உன் காலப் புடிக்கிறேன்."

ரோஹிணி பதில் சொல்வதற்குள் தெருவில் கண்ணாடி உடைந்தது.

அருள்குமார் எச்சில் கையோடு ஓடினான். அவனுடைய காரின் முன்கண்ணாடி பொடிப்பொடியாக இருக்கையில் கிடந்தது. தெரு நிறையத் தறிக்காரர்கள். கையில் கட்டை, இரும்புக் கம்பி. மரத்தில் வெறும் சிவப்புத் துணி தொங்குவதைக் காலையில் பொங்கல் வைக்கப் போன பெண்கள் பார்த்துவிட்டார்கள். ஹரிதா ப்ராஜெக்டுக்கு நாடா கேட்டு அலைந்தது கோவர்த்தனன் மூலம் தெருவுக்கே தெரிந்திருந்தது.

"எங்கடா நாடா? கோயில் மரத்துல கைய வெக்கிறியா?"

"ஏங்க, நிதானமா..." என்று அருள்குமார் வாயைத் திறந்தான். அவ்வளவுதான். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது காதில். விழுந்தவனை எழவிடாமல் உதைத்தார்கள். படித்தவன் என்ற மரியாதையில் ஒரு கை பின்வாங்கினால், அதே காரணத்துக்காக நாலு கை முன்னே வந்தது. சாப்பிட்ட களியெல்லாம் வாய்வழியே வந்து சட்டையில் ஒழுகியது.

"விடுங்க! செத்துருவான்!" என்று ரோஹிணி அவன்மேல் குப்புற விழுந்து மறைத்தாள். பறந்துவந்த கல் அவள் நெற்றியில் பட்டது. எறிந்தது சீனுவின் பெண்டாட்டி ஸ்ரீதேவி. கண்ணெல்லாம் வீங்கி, தலைவிரி கோலமாக நின்றாள்.

"எம்புருசன் கஞ்சி குடிக்க வாயில்லாம கெடக்கிறான்டி! உனுக்கு மார்க்கு வேணும்னு எம்புருசன் பல்லக் குடுக்கணுமா?"

ரோஹிணியின் புருவத்தில் வழிந்த ரத்தம் அருள்குமாரின் முதுகில் சொட்டியது. கூட்டத்துக்குப் பின்னால் கோவர்த்தனன் தன் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றான். வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. அவன் யாரையும் அடிக்கமாட்டான், அடிக்கச் சொல்லவும்மாட்டான்.

"ஏமண்டி மேடம், சதுவுகொன்னவாள்ளு கதா மீரு?" என்று தெலுங்கில் மெதுவாக ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தான். "படிச்சவங்கதானே? சாமி விசயத்துல வெளாடலாமா? அத்தக் குடுத்துடுங்க. நானே பூசை போட்டுக் கட்டிடறேன். புதன்கிழம சீனுவ அடிச்சதையும் எங்கையாலதான் கட்டுனேன். ஜனங்க பயந்துகினு கீறாங்க பாருங்க."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாகபூஷணம் வந்தான். ஞாயிறு அவனுக்கு ரிப்பேர் நாள். கையெல்லாம் கிரீஸ், தோளில் தறியின் பழைய தோல் பெல்ட். விழுந்து கிடக்கிறவர்களை அவன் பார்க்கக்கூட இல்லை. நேரே வீட்டுக்குள் நுழைந்து ஹரிதாவின் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தான்.

"எங்கடி அது?"

"நைனா, வலிக்குது நைனா."

பெல்ட் விழுந்தது. முதுகில், கையில், தடுக்கக் குனிந்தபோது கழுத்தில். தோல்பட்டை பட்ட இடமெல்லாம் சுடிதார் கிழிந்தது. இந்த வீட்டில் அடி புதிது இல்லை. ஆனால் அவன் கோபத்தில் அடிக்கும் அடி கங்கம்மாளுக்குத் தெரியும், வாங்கி வாங்கி உடம்புக்குப் பழகியது. இது அந்த அடி இல்லை. இது பயந்தவன் அடிக்கிற அடி.

"சொல்லுடி! புளந்து பாத்தீங்களா? சொரண்டிப் பாத்தீங்களா அத்த?"

நாடா எங்கே என்று கேட்கிறவன் சுரண்டிப் பார்த்ததை எதற்காகக் கேட்க வேண்டும்? கங்கம்மாள் நடுவில் பாய்ந்தாள். பெல்ட் அவள் மார்பில் விழுந்தது.

"பொண்ண வுடுய்யா! பொட்டப் புள்ளய ஊர் பாக்க அடிக்கிறியே, நீ மனுசனா?"

"தள்ளிப்போடி!"

அப்போதுதான் சம்பத் வந்து சேர்ந்தான். வண்டியை முனையில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான். ஹரிதாவைத் தூக்கி நிறுத்தித் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"நாந்தான் அவுக்கச் சொன்னேன். என் ரத்தம் பாத்த நாடா, அதுக்கு நான் பாத்தியம். அடிக்கிறவன் என்ன அடிங்கடா."

நாகபூஷணம் எச்சிலைத் துப்பினான். கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட முயன்றான். "வந்துட்டார்யா பாத்தியக்காரரு. மச்சான், குடிச்சிட்டுத் தறிக்குள்ள குனிஞ்சி நீ கண்ண வுட்டது பத்தாதுன்னு, சீனு வாயையும் ஒடச்சிட்டியே. குடிகாரப் பேச்சக் கேட்டு ஆடுது இந்தக் கழுத."

சம்பத் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று வருஷமாகக் குனிகிற அதே குனிவு. அடிப்பதற்கு ஓங்கிய கைகளுக்குக்கூட அவன் மேல் இளப்பம் வந்துவிட்டது, ஒருவன் சிரித்தான்.

அந்தக் குனிவைக் கங்கம்மாளால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போனாள். அரிசி ட்ரம்மைக் காலால் எட்டி உதைத்தாள். வீடு நிறைய அரிசி சிதறியது. நாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"எந்தம்பி குடிக்கல. இது ஒடஞ்ச நாடா. ஒட்டி வெச்சது. ஒட்டுனவன் இந்தாளு. இந்த நீலம் யார் வூட்டு நீலம்னு கதவப் பாத்துச் சொல்லுங்கடா!"

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பின. ரோஹிணி ரத்தம் வழிகிற முகத்தோடு எழுந்து நின்று, "உள்ள தகரம் இருக்குது, ஆணி இருக்குது. வேணும்னா கைய வுட்டுப் பாருங்க" என்றாள். முன்னால் நின்ற கிழவர் ஒருவர் வாங்கி விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மூன்று தலைமுறை தறியில் தேய்ந்த விரல்.

"ஆமாம்ப்பா" என்றார். "இது ஓடற நாடாவே இல்ல."

நாகபூஷணத்தின் கையிலிருந்து பெல்ட் நழுவியது.

"ஓனரு புது நாடா குடுக்கல" என்றான். குரல் கீழே போய்விட்டது. "இன்னிக்கி ஒரு நாளு ஒட்டி ஓட்டு, நாளிக்கி வருதுன்னாரு. நான் இன்னா பண்ணட்டும்? நான் மாட்டேன்னா வேற ஆள வெச்சிக்குவாரு. வேணும்னா பண்ணேன்? மொதலாளி, நீங்களே சொல்லுங்க."

"நானா? நான் எப்பய்யா சொன்னேன்?" என்றான் கோவர்த்தனன்.

சம்பத் மெதுவாக நிமிர்ந்தான். மிச்சமிருந்த ஒற்றைக் கண் நாகபூஷணத்தின் முகத்தில் ஊர்ந்தது.

"மாமா, ஆஸ்பத்திரில எங்கையப் புடிச்சிக்கினு அழுதியே. குடிச்சாதான்டா இப்டி ஆவும், இனிமே குடிக்காதன்னு சொன்னியே. எம் புள்ள மேல கை வெச்சி சத்தியம் வாங்குனியே மாமா."

அடுத்து நடந்ததைக் கண் பிடிக்கவில்லை. மூட்டை தூக்கி உரமேறிய கை, கிழவர் கையிலிருந்த நாடாவைப் பறித்தது. அடுத்த கணம் நாகபூஷணம் மல்லாக்க விழுந்து கிடந்தான், மார்மேல் சம்பத். முதல் இடி மூக்கில். எலும்பு நொறுங்கின சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா. இரண்டாவது இடியில் உதடு கிழிந்தது. நாகபூஷணம் கையைக் காலை உதறினான், மண்ணைப் பிறாண்டினான். ஒருவரும் தடுக்கவில்லை. சம்பத் நாடாவைத் திருப்பி, எஃகுக் கூரைக் கீழ்நோக்கிப் பிடித்து ஓங்கினான்.

"ஒரு கண்ணு போதும் மாமா. எனுக்குப் போதுமாயிருக்குதே, உனுக்கும் போதும்."

கங்கம்மாள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்கமாட்டாளோ என்னவோ. பாய்ந்து புருஷன் முகத்தின் மேல் கையை விரித்தாள். கூர் அவள் உள்ளங்கையில் இறங்கிப் புறங்கையில் எட்டிப் பார்த்தது.

"யக்கா!" என்று அலறிக்கொண்டு சம்பத் பின்னால் சாய்ந்தான்.

அவளே அதைப் பிடுங்கினாள். ரத்தம் முழங்கை வழியாக வழிந்து நாகபூஷணத்தின் கன்னத்தில் கொட்டியது. ஹரிதா துப்பட்டாவைக் கிழித்து ஓடிவந்தாள். ரோஹிணி கையை உயர்த்திப் பிடித்து இறுகச் சுற்றினாள். தன் நெற்றி ரத்தத்தைத் துடைக்க அவளுக்கு நேரமில்லை.

"பாத்தீங்களா?" என்று கோவர்த்தனனின் குரல் வந்தது. "மறுபடி ரத்தம் கேட்டுடுச்சி. அதான் அவுக்கக் கூடாதுன்றது. எட்றா அத்த, சீக்கிரம் மரத்துல கட்டிடலாம்."

இரண்டு பேர் குனிந்தார்கள். கங்கம்மாள் நாடாவைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டாள்.

"எவனாவது தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன். மரத்துல கட்டிக் கட்டித்தான்டா நம்பளக் குருடாக்கி வெச்சிக்கிறான் இந்தாளு. கட்டிட்டா எவனும் அவுத்துப் பாக்கமாட்டான்ல? அம்மன் மேல பழியப் போட்டுட்டு அடுத்த நாளே தறி ஓட்டுவான்ல? எத்தன துணி தொங்குது அந்த மரத்துல, ஒண்ணயாவது ஒருத்தன் பிரிச்சிப் பாத்தீங்களா?" மூச்சு வாங்கியது. "ரோஹிணிம்மா, இத எட்த்துக்கினு போ. அளந்து பாரு, அறுத்துப் பாரு, இன்னா வேணும்னாலும் பண்ணு. எம்பொண்ணு பரீச்சைக்கு இது போவணும், மரத்துக்கு இல்ல."

ரோஹிணி குனிந்து எடுத்துப் பையில் வைத்தாள். அருள்குமாரை யாரோ தூக்கிச் சுவரில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்சம் முன்னால் உதைத்தவர்களில் ஒருவன்தான் அது.

கங்கம்மாள் மகளைப் பார்த்தாள். "போ. சீனுவ அடிச்சதையும் அவுத்துக்கினு வா."

ஹரிதா நகரும் முன்னே ஸ்ரீதேவி திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள். கோவில் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அவள் அடிமரத்து மேடையில் ஏறி, புதுச் சிவப்புத் துணியைப் பல்லால் கடித்து இழுப்பதைத் தெருவே நின்று பார்த்தது. அம்மன் ஒன்றும் செய்யவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை.

நாடாவோடு திரும்பி வந்தவள் கூட்டத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, வயிற்றுப் பக்கம் மினுங்கிய வார்னிஷை மெல்லச் சுரண்டினாள். அதில் இன்னும் சீனுவின் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டச் சுரண்டத் தோல் போல உரிந்தது.

உள்ளே நீலம்.

ஒரு தடவை என்றால் முதலாளிக்குப் பயந்து செய்தான், வயிற்றுப் பிழைப்பு என்று மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். சொந்த மச்சானின் கண் போன பிறகும், அந்தக் குழியைத் தினமும் எதிரில் வைத்துச் சோறு துன்றவன், மறுபடியும் ஒட்டியிருக்கிறான். போன வாரம்தான் புது நீல டப்பா வாங்கி வந்தான். எதுக்குய்யா என்று அவள் கேட்டதற்குக் கட்டில் கால் ஆடுகிறது என்றான்.

"ஓனரு! ஓனரப் புடிங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். கோவர்த்தனனின் பைக் நின்றிருந்த இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் கிடந்தது. துரத்திக்கொண்டு சிலர் ஓடினார்கள். மெயின் ரோடு வரை ஓடுவார்கள், மூச்சு வாங்கித் திரும்பி வருவார்கள், நாளைக்கு அதே கொட்டகைக்குத்தான் போக வேண்டும். அது ஓடியவர்களுக்கும் தெரியும்.

கையில் அகப்பட்டவன் நாகபூஷணம் மட்டும்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. ஸ்ரீதேவி எழுந்தாள். நாடாவைச் சம்பத் பிடித்த மாதிரியே, கூர் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டாள். நடந்து வந்தாள்.

"வேணாங்க்கா, போலீஸ் இருக்குது, கேஸ் போடலாம், அக்கா வேணாம்!" என்று ரோஹிணி கத்திக்கொண்டே ஓடினாள். நாலு பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார்கள். கோபமாகக்கூட இல்லை, பேருந்து வரும்போது குழந்தையைப் பிடித்துக்கொள்வது போலத்தான் பிடித்தார்கள். ஹரிதா முகத்தை மாமனின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"கங்கா" என்றான் நாகபூஷணம். கல்யாணமான புதிதில் கூப்பிட்டது. "கங்கா, சொல்லுடி அவகிட்ட."

கங்கம்மாளின் வலக்கைதான் கிழிந்திருந்தது. இடக்கை நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் நீட்டவில்லை.